காடேறிய மாட்டை மறுபடி அடையாளம் பிடிப்பது

கிடைத்ததாகச் சொல்லப்படும் மாட்டைப் பார்க்கப் போக முன்னம் உங்கள் மாட்டின் அடையாளங்களை எழுதி வையுங்கள். இலங்கையின் வன்னியில் தொலைந்த மாடுகளைத் தேடித் திரியும் எங்களுக்கு இதைவிடக் கைகொடுத்தது வேறொன்றில்லை. ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ ஒரு பட்டியில் "உங்கட செவலை நாகு (கன்று போடாத இளம் பசு) நிக்குது" என்று தகவல் வந்ததும் ஓடிப்போனால், தேடிக் களைத்த கண்ணுக்கு எந்தச் செவலையும் எங்களுடையதாகத்தான் தெரியும். நெற்றிச் சுழி எங்கே, எந்தக் காதில் என்ன வெட்டு, சுட்ட குறி எந்தத் தொடையில், தொலைந்த மாதம் எது, அப்போது எத்தனை பல் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, ஜி.எஸ்ஸிடம் (கிராம அலுவலரிடம்) முதலே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டிக்குள் கால் வைப்பது.

காலபோக (மாரிகால நெல்) விதைப்புக்கு முன் வயற்கரையிலிருந்து காட்டோரத்துக்குச் சாய்க்கும் மாடுகளில் சில பிரிந்து வேறு பட்டியோடு சேர்ந்துவிடும். ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கிடைக்கும்போது உருவமே வேறு. கன்றில் செவலையாய் இருந்தது மயிர் மாறிச் சாம்பலாகியிருக்கலாம். நாம்பனுக்கு (காளைக்கு) வயது ஏற ஏறக் கழுத்தும் ஏரியும் (திமிலும்) கறுக்கும். நலமடித்திருந்தால் (விதை நீக்கியிருந்தால்) அந்தக் கறுப்பே வெளுக்கும். ஆவணி, புரட்டாசி வறட்சியில் ஏரி வற்றிச் சரிந்துவிடும். 2020 இல் வடக்கில் பரவிய தோல் கழலை நோய் வந்துபோன மாடென்றால் உடம்பெல்லாம் மயிரில்லாத வட்டத் தழும்புகள் இருக்கும். ஆகவே நிறம், பருமன், ஏரி, மடி நான்கையும் சாட்சியாக எடுக்கவே கூடாது.

கொம்பைப் பாதிதான் நம்பலாம். பசு கன்று போட்ட வருடங்களில் அடிக்கொம்பில் வளையம் விழும் என்பது சரிதான். ஆனால் தீவனமில்லாத கடும் வறட்சியும் வளையம் விடும். கொம்பின் வளைவும் வயதோடு திரும்பும்.

குறி அழியாது, ஆனால் மாறும். கன்றில் சுட்ட எழுத்து மாடு வளர வளர விரிந்து, கால்கள் இழுபட்டு நிற்கும். அளவை ஒப்பிடாமல் வடிவை ஒப்பிடுங்கள். மாரியில் மயிர் அடர்ந்து குறியை மூடிவிடும். தண்ணீர் தெளித்து மயிரைப் படிய நீவினால் தெரியும். அதற்கும் தெரியாவிட்டால், மாட்டை வைத்திருப்பவரின் சம்மதத்தோடு அந்த இடத்தை மட்டும் றேசரால் வழியுங்கள். பழைய தழும்பு மழமழப்பாக, மயிரில்லாமல் இருக்கும். அதே எழுத்தில் ஒரு கோடு மட்டும் பொருக்குத் தட்டியோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பிறகு யாரோ கூட்டிச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் வாக்குவாதப்படாமல் படம் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போவது நல்லது. காதில் அடித்த மஞ்சள் தகடு முட்பற்றையில் சிக்கிப் பிய்ந்துபோகும். தகடு இல்லையென்று கைவிடாமல் துளையின் தழும்பையோ காது கிழிந்த கீற்றையோ பாருங்கள்.

பல் பொய் சொல்லாது. முன்பல் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் முதற்சோடி விழுந்து அகலமான பல் வரும், மூன்றை அண்டி நான்கு, மூன்றரையில் ஆறு, நாலு நாலரையில் எட்டும் சேரும். நாட்டு மாட்டில் ஆறு மாதம் பிந்தலாம். பால்பல்லோடு ஒன்றரை வயதில் தொலைந்த நாகு இரண்டு வருடத்தின் பின் எட்டுப் பல்லும் தேய்ந்து நின்றால், சுழி ஒத்துப்போனாலும் அது வேறு மாடு.

சுழி பிறப்போடு வருவது, இடம் மாறாது. கண் மட்டத்துக்கு மேலா கீழா, ஒற்றையா இரட்டையா என்று குறியுங்கள். ஆனால் நடுநெற்றியில் ஒற்றைச் சுழியுள்ள மாடு ஊரெல்லாம் உண்டு. விலக்க அது உதவும், உறுதிப்படுத்த உதவாது.

உறுதிப்படுத்துவது மூக்கு ரேகைதான். மனிதக் கைரேகை போல ஒரு மாட்டினது இன்னொன்றுக்கு வராது. 1922 இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் நாணயக் கயிற்றைப் (மூக்கணாங்கயிற்றைப்) பிடித்துத் தலையை அசையாமல் வைக்க, மற்றவர் மூக்கைப் பருத்தித் துணியால் துடைத்து, மெல்லிய மை பூசி, கடதாசியை மேலுதட்டுப் பக்கமிருந்து மேலே உருட்டி எடுக்க வேண்டும். மூக்கு ஓயாமல் வியர்க்கும். துடைத்த கையோடு ஒற்றாவிட்டால் எல்லாம் கரைந்து ஒரே கறையாகும். மை கூடினாலும் பள்ளங்கள் நிரம்பிவிடும். நாலைந்து ஒற்றினால்தான் ஒன்று தெளிவாக வரும். மை இல்லாவிட்டால் நிழலில் நேர்முகமாகப் போனில் கிட்டப் பிடித்த படமும் போதும். தொலைய முன்னம் எடுத்தது ஒன்று வீட்டில் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை. நிற்கிற மாடுகளுக்கு இந்தக் கிழமையே எடுத்து, பதிவு அட்டையோடு வையுங்கள்.

கூப்பிட்டால் வருகிறதே என்பதைச் சாட்சியாகச் சொல்லாதீர்கள். பசித்த மாடு தவிட்டு வாளிக்குப் பின்னால் எவரோடும் வரும். 2009 இல் போரின்போது அவிழ்த்துவிட்டுப் போன மாடுகள் காட்டில் ஈன்ற, குறி சுடாத கன்றுகளுக்கு இந்த வழிகள் எதுவுமே கைகொடுக்காது. 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் குறியையும் பதிவையும் கேட்பதன் பெறுமதி அங்கேதான் விளங்கும்.

இரு பக்கமும் உரிமை கேட்டால் மாட்டு டொக்டரைக் கொண்டு வயதை எழுத்தில் வாங்குங்கள். மாடு கைக்கு வந்த பின் இரண்டு கிழமை பட்டியோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள், கால்-வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்று) கொண்டு வந்திருக்கலாம். மெலிந்திருக்கிறதே என்ற இரக்கத்தில் தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளி வைத்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும். முதல் நாட்களில் வைக்கோலும் தண்ணீரும் மட்டும்.