முக்கை அகலப்படுத்துவதற்கு முன்னால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு முக்கில், அதாவது சாலைச் சந்திப்பில், வண்டி தேங்கினால், "நாலு மூலையையும் இடிச்சு அகலமாக்கணும்" என்பதுதான் முதலில் எழும் பேச்சு. பிசகு அங்கேதான் தொடங்குகிறது. மூலை வளைவு பெரிதானால் திரும்பும் வண்டி வேகம் கூட்டும். நடந்து கடப்பவருக்குத் தூரமும் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் அகலச் சாலை, இரு மூலையிலும் வளைவின் ஆரம் 12 மீட்டர். குறுக்குச் சாலையின் ஓரக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஜீப்ரா கோடு போட்டால், கடக்கும் தூரம் ஏறக்குறைய 22.7 மீட்டர். ஆரத்தை 5 மீட்டராக்கினால் அதே இடத்தில் 14 மீட்டர்தான். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 19 நொடி 12 ஆகக் குறையும். வாழைக்குலையைத் தலையில் வைத்து 0.9 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 25 நொடி 16 ஆகக் குறையும். வளைவில் எடுக்கக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தோடு போவதால், திரும்பும் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

"டாரஸ் மாதிரிப் பெரிய லாரி எப்படித் திரும்பும்?" நியாயமான கேள்வி. 5 மீட்டர் வளைவுக்கும் பழைய வளைவுக்கும் நடுவே உள்ள இடத்தில் கருங்கல் பாவி, தாரை விட 5 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். லாரி, பஸ் பின்சக்கரம் அதில் ஏறிப் போகும், கார்க்காரர் ஏறத் தயங்குவார். சமதளமாக விட்டால் மறுநாளே ஆட்டோ ஸ்டாண்ட் ஆகிவிடும். கல்லுக்குப் பின்னால் 1.2 மீட்டர் இடைவெளியில் குற்றிகள் (குட்டைத் தூண்கள்) நட்டால் சக்கர நாற்காலி போகும், ஆட்டோ போகாது. பைக்கை இது தடுக்காது, அதற்கு வேறு வழி பார்க்கவேண்டும். சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்ப விடும் ஃப்ரீ லெஃப்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். நடப்பவருக்குப் பச்சை விழும்போதும் வண்டி நிற்காத இடம் அது.

எண்ணிக்கையில் நடக்கும் தவறு வேறு. காரை ஒன்றாக வைத்து, பைக்குக்கு அரை, பஸ்ஸுக்கு 3 என்று வண்டியை எடைபோடும் அட்டவணையில் நடப்பவருக்கு இடமே இல்லை. அவர்களை எண்ணத் தனி ஆள் வேண்டும். எல்லை ஊர்களில் கேரளப் பஸ்ஸில் இறங்கி, பையோடு இந்தப் பக்கத்துப் பஸ்ஸுக்கு ஓடுபவர் கூட்டம் பெரிது. அவர் ஜீப்ராவைத் தேடிப் போகமாட்டார், நேர்கோட்டில்தான் போவார். அந்தக் கோட்டை வரைபடத்தில் குறித்து, ஜீப்ராவை அங்கே கொண்டுவாருங்கள். ஓணம் வாரத்தையும் சபரிமலை சீசனையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வருஷம் முழுக்க வெறிச்சோடும் அகலத்துக்குச் செலவழிக்க நேரும்.

சிக்னல் சுற்று, அதாவது ஒரு பச்சை தொடங்கி அதே பச்சை மறுபடி வரும் வரை, 90 நொடிக்குள் இருக்கட்டும். 120 ஆனால் நடப்பவர் சிவப்பிலேயே இறங்கிவிடுவார். வண்டிக்குப் பச்சை விழ 4 நொடி முன்னதாக நடப்பவருக்குப் பச்சை காட்டினால், அவர் ரோட்டில் இறங்கி நடப்பது திரும்பும் பைக்கின் கண்ணில் பட்டுவிடும்.

சைக்கிளுக்கு நிறுத்தக்கோட்டின் முன்னால் கட்டம் வரைவது நம்மூரில் வீண். பைக்குகள் அதை நிரப்பிவிடும். இந்த ஊர்கள் இருக்கும் விளவங்கோடு தாலுகா ஏற்ற இறக்கமான பூமி. இரு பக்கமும் தடம் போட இடமில்லையென்றால், ஏற்றம் ஏறும் பக்கத்துக்கு 1.5 மீட்டர் கொடுங்கள். ஏறும் சைக்கிள் தள்ளாடும், இறங்குவது வண்டிகளோடு கலந்து ஓடும்.

நடைபாதை மட்டத்துக்கு ஜீப்ராவை உயர்த்தினால், சாலையில் தண்ணீர் இறங்கி வரும் பக்கம் மழைவெள்ளம் தேங்கும். இரண்டு பருவமழையும் காணும் ஊரில் அது குழியாக ஒரு வருஷம் தேவையில்லை. உயர்த்திய ஜீப்ராவின் இரு ஓரத்திலும் ஓடைக்கு வழிவிட்டுக் கம்பிமூடி போடுங்கள். கம்பிகள் வண்டி ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்கவேண்டும். நீளவாக்கில் போட்டால் சைக்கிள் டயர் இறங்கிவிடும்.

கல் பாவும் முன் சுண்ணாம்புப் பொடியில் புது வளைவை வரைந்து, மணல்மூட்டை அடுக்கி இரண்டு வாரம் விடுங்கள். எந்த மூட்டையை லாரி நசுக்குகிறதோ அங்கே மட்டும் வளைவைத் தளர்த்துங்கள்.