ஆற்றுக்கும் உறுதி எழுதிய நாடு

“இது தனியார் ஆறு, வெளியே ஏறுங்கள்!” என்று கரையில் நின்ற மனுசன் கத்தினார். நெஞ்சுவரை இழுத்துப் போட்ட றப்பர் காற்சட்டை, கையில் தூண்டில், சிவந்த முகம். கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் என்னோடு வந்த இங்கிலீஷ்காரருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. கதியாலை அரை அடி தள்ளி நட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வளவுக்காரரோடு ஆயுள் முழுக்கக் கோடேறி இறங்கிய எங்கள் பெரியப்பா இப்படித்தான் நிற்பார். அதே நிற்பு, அதே தொண்டை. வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன், பாறையில் மோதி நுரைத்துப் பாயும் வெள்ளைத் தண்ணியில் கயாக் ஓட்டுகிறான் என்பதே பாதிப் பகிடி. எங்களிடம் ஆறு ஏது? இருக்கிற வழுக்கியாறும் மாரியில் ஓடி அராலியில் கடலோடு சேர்ந்துவிடும். கோடையில் அதற்குள் மாடு கட்டலாம். நான் நீந்தப் பழகினது கீரிமலைக் கேணியில். இங்கிலாந்துக்கு வந்த பிறகு, வேலைத்தலத்துச் சிநேகிதன் ஒருவன்தான் என்னைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, இடுப்பை வெட்டி நிமிர்ந்து வரப் பழக்கினான். நிமிர முடியாவிட்டால், இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடியிருக்கும் ஸ்பிரேடெக்கை இழுத்துக் கழற்றிக்கொண்டு நீந்தி வரவேண்டியதுதான். அப்படி நீந்தினவர் அன்று பின்னேரம் தன் ஈரச் சப்பாத்துக்குள் பியர் ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது இவர்களின் சடங்கு. நானும் குடித்திருக்கிறேன். எச்சில் கிளாஸையே மூன்று தரம் கழுவும் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.

அந்தத் தூண்டில்காரரிடம் வருவோம். அவர் சொன்னது வெறும் பொய்யும் இல்லை, அதுதான் பிறகு குத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக ஆற்றங்கரைக் காணி யாருடையதோ, ஆற்றின் அடிநிலமும் நடுக்கோடு வரை அவருடையது. எதிர்க்கரைக்காரருக்கு மற்றப் பாதி. ஓடுகிற தண்ணீர் மட்டும் ஒருவருக்கும் சொந்தமில்லை. மீன்பிடிக்கிற உரிமையைக் காணியில் இருந்து பிரித்துத் தனியாக விற்கலாம், குத்தகைக்கும் கொடுக்கலாம். கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியில் யாரும் படகு விடலாம். அதற்கு மேலே, பழைய சட்டமோ நெடுங்கால வழக்கமோ உரிமை தந்திருக்கும் ஆறுகளில் விடலாம். மீதியில் என்ன நிலை என்று கயாக்காரர் ஒன்று சொல்வார்கள், காணிக்காரர் வேறொன்று சொல்வார்கள். படில் யூகே என்கிற துடுப்புப் படகுக்காரர் சங்கத்தின் கணக்குப்படி, இங்கிலாந்தின் ஆறுகளில் சர்ச்சையில்லாமல் படகு ஓட்டக்கூடியது நூற்றுக்கு நாலுதான். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைவெளிகளில் யாரும் நடக்கலாம் என்று திறந்துவிட்டது. ஆனால் அந்த உரிமைக்குள் படகும் அடங்காது, ஆற்றில் இறங்கிக் குளிப்பதும் அடங்காது.

இதைச் சொல்லும்போது என் சிநேகிதர்களுக்குக் கொதிப்பு ஏறும். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதாத உறுதி எத்தனை? ஆறில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று ஒரு துலாக் கிணற்றைக் கூறுபோட்டு, இறைப்புக்கு முறை வைத்து, முறை பிசகினால் மண்வெட்டியோடு வந்து நிற்கிற சனம் நாங்கள். அப்புக்காத்துமார் மாடி வீடு கட்டினது எங்கள் கிணறுகளில்தான். ஆனாலும் உறுதி எழுதுகிற எங்கள் நொத்தாரிசு ஒரு விசயத்தை மறக்கமாட்டார். பங்கை எழுதினால் வழி வாய்க்கால் பாத்தியதையையும் சேர்த்து எழுதுவார். கிணற்றுக்குப் போக வழியில்லாத பங்கை வைத்து என்ன செய்வது? இங்கே படகு ஓட்ட உரிமையுள்ள ஆற்றிலும் கரையால் இறங்கி ஏற உரிமை தானாக வராது. கரை வேறொருவரின் காணி. ஆற்றுக்குள் ஓடலாம், ஆற்றுக்குப் போகத்தான் வழியில்லை. இதை எழுதின நொத்தாரிசை எங்கள் பெரியப்பா ஒரு தவணையிலேயே முடித்திருப்பார்.

சில ஆறுகள் இரண்டு பகுதியும் பேசி வைத்த ஒரு உடன்பாட்டில் ஓடுகின்றன. மீன்காரருக்குக் கோடை, கயாக்காரருக்கு மாரி. மழையும் மாரியில்தான் என்பதால் அது நியாயம் போலத் தெரியும். தை மாதக் காலையில், விறைத்த விரலால் ஸ்பிரேடெக்கை விளிம்பில் மாட்டிப் பார்த்தவருக்குத்தான் யாருக்கு நல்ல பங்கு கிடைத்தது என்று விளங்கும்.

கோடையில் நாங்கள் போவது வட வேல்ஸில் பாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரவெரின் ஆற்றுக்கு. மற்ற ஆறுகளில் கல்லுத் தெரியும் நாட்களிலும் அது ஓடும், மேலே அணை இருப்பதால். காசு கட்டிவிட்டு இறங்கினால் ஒருவரும் கத்தமாட்டார்கள். ‘சுடுகாடு’ என்று பெயர் வைத்த ஒரு பகுதியில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நாலு பக்கமும் இழுக்கும். ஒரு பாறைக்குப் பின்னே, ஓட்டம் தணிந்து சுழலும் ‘எடி’யில் ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த எடிக்குப் பாயவேண்டும். அந்த நேரத்தில் காணியும் உறுதியும் ஒன்றும் ஞாபகம் வராது.

அணையின் கதை பிறகுதான் தெரியவந்தது. லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக 1965இல் காப்பெல் கெலின் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் கந்தோர் எல்லாம் அடியில். 1957இல் அதற்கான சட்டம் வந்தபோது வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்று அபெரிஸ்ட்வித் பக்கம் வீதியோரச் சுவரில் எழுதினது இன்றும் இருக்கிறது. லிவர்பூல் மாநகரசபை 2005இல் மன்னிப்புக் கேட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அப்போது, “தந்தால் என்ன குறைந்துபோவினம்?” என்றுதான் கதை. அந்தக் கணக்கில் நான் லிவர்பூல்காரன்.

ஸ்கொட்லாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொறுப்பாக நடந்துகொண்டால் ஆறும் குளமும் எல்லோருக்கும் திறந்ததுதான். இங்கிலாந்துக்கும் அதைக் கொண்டுவருவோம் என்று சொன்ன தொழிற்கட்சி, 2023இலேயே பின்வாங்கியது. 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் வந்தது ஒன்பது ஆற்றங்கரை நடைபாதைகள் பற்றிய வாக்குறுதி. கரையில் நடந்து ஆற்றைப் பார்க்கலாமாம். எங்கள் குழுவில் அன்று முழுக்க இதுதான் பகிடி.

இப்போது இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த நாட்டுக்காரனாகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவில் ஆற்று நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்ப்பேன். மார்கழியானால் விரல் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்: இரணைமடு வான்கதவு திறந்தாச்சோ, வழுக்கியாறு ஓடுதோ, எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் எதுவரை? போன கிழமை அதே கைபேசியில் மச்சானின் செய்தி வந்தது. என் கிணற்றுப் பங்கைத் தன் பேருக்கு எழுத நான் அற்றோணிப் பத்திரம் போட்டு அனுப்ப வேண்டுமாம். அந்தக் கிணற்றில் இப்போது ஒருவரும் அள்ளுவதில்லை, எல்லா வீட்டிலும் குழாய்க்கிணறு. ஆறுகள் எல்லோருக்கும் பொது என்று எழுதின ஸ்டிக்கர் என் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. மச்சானுக்கு இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வழி வாய்க்கால் எந்தப் பக்கத்தால் போகிறது என்று முதலில் வடிவாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.