துப்பாதீங்கப்பா

போன வாரம் அப்பாவுக்கு கடவாய்ப் பல்லு ஒண்ண புடுங்கினோம். அவரு அஞ்சு வருஷமா எகோஸ்பிரின், அதான் ரத்தம் கட்டாம இருக்க குடுக்குற ஆஸ்பிரின் மாத்திரை, போடுறவரு, டாக்டர் அத நிறுத்த வேணாம்னுட்டு பஞ்ச கடிக்க வெச்சு அனுப்பிட்டாரு. ராத்திரி ஒம்போதரைக்கு பாத்தா வாஷ்பேசின் பூரா செவப்பு. பாதிக்கு மேல எச்சிதான், ஆனா அந்த நேரத்துல யாருக்கு அது தோணும். அம்மா காபித்தூள் டப்பாவோட நிக்குறாங்க, அப்பா ஷேவிங் செட்டுல இருக்குற படிகாரத்த எடுத்துட்டு வாடாங்குறாரு. சவரத்துல பட்ட கீறலுக்கு படிகாரம் சரிதான், தோல சுருக்கி அடச்சிரும், பல்லு இருந்த குழிக்குள்ள அது என்னத்த பண்ணும்.

போன் போட்டதும் டாக்டர் கேட்ட மொத கேள்வி, "துப்பிக்கிட்டே இருக்காரா?" ஆமா சார், கொப்புளிச்சு கொப்புளிச்சு துப்புறாரு. "அதான் விஷயமே, உறையுறத எல்லாம் அவரே வெளிய எடுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு, கூட்டிட்டு வாங்க."

கிளினிக்ல ஒரு சின்ன ஊசி மருந்த உடச்சு, காஸ் துணிய அதுல நனச்சு, குழி மேல வெச்சு அழுத்திக் கடிங்கன்னாரு. அரை மணி நேரம், நடுவுல எடுத்துப் பாக்கக் கூடாது. நின்னுருச்சு. மருந்து பேரு ட்ரானெக்சமிக் ஆசிட். என் பொண்டாட்டி அந்தப் பேரப் பாத்ததும் "இது எனக்கு பீரியட்ஸ் ஓவரா போனப்ப குடுத்த மாத்திரையாச்சே"ங்குறா. அதேதான்.

வீட்டுக்கு வந்து தூக்கம் வராம படிச்சேன். இது ரத்தத்த உறைய வெக்கிற மருந்தே இல்ல, உறைஞ்ச கட்டிய நம்ம உடம்பே பிளாஸ்மின்னு ஒண்ண வெச்சு கரைக்கும், அந்தக் கரைக்கிற வேலையத்தான் இது தடுக்குது. ஜப்பான்ல உடாகோ ஒகாமோட்டோன்னு ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ஷோசுகேவும் சேந்து கண்டுபுடிச்சு 1962ல வெளியிட்டது. பிரசவத்துல ரத்தம் போயி சாவுற பொம்பளைங்களுக்கு இத குடுத்துப் பாக்கணும்னு அந்தம்மா சொல்லிருக்காங்க, அங்க இருந்த பிரசவ டாக்டருங்க காதுலயே போட்டுக்கல. கடைசில 21 நாட்டுல 20,000 பேர வெச்சு டெஸ்ட் பண்ணி, 3 மணி நேரத்துக்குள்ள போட்டா ரத்தப்போக்குனால வர்ற சாவு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கொறையுதுன்னு ரிசல்ட் வந்தது 2017ல. அந்தம்மா 2016லயே போயிட்டாங்க. படிச்சப்ப எனக்கு வந்த கடுப்பு இருக்கே.

ஒரு நாளைக்கு சூடா எதுவும் கூடாதுன்னதால காலைல ஆறின காபி. ஒரு வாய் வெச்சாரு, மூஞ்சி கோணலாச்சு, நேரா வாஷ்பேசின் பக்கம் போறாரு. மூணு பேரும் ஒண்ணா கத்துனோம், முழுங்கிட்டாரு.