எந்த நீரை விட்டு அளக்கிறோம்?

சாயக்கழிவு பாய்ந்த நிலத்தின் மண் ஆய்வகத்துக்கு வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதில் தண்ணீர் இறங்குமா?" இதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. அதே மண், அதை அடைத்துச் சோதிக்கும் அதே உருளை (மோல்டு), அதே நீர்மட்டம் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும், கழிவுநீரை விட்டால் ஒரு விடை வரும், மழைநீரை விட்டால் வேறு விடை வரும்.

திருப்பூரில் ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் ஏற்றச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ போடுவார்கள். சாயம் பிடித்து நிற்கச் சோடா ஆஷ். இந்த உப்புகள் நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே கழிவுத் தேக்கமாக்கின. திரவக் கழிவு சிறிதும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவு நின்றாலும், களித்துகளில் ஒட்டிக்கொண்ட சோடியம் தானாகப் போவதில்லை.

களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. கால்சியம் அதில் ஒட்டியிருந்தால் துகள்கள் திரண்டு கட்டியாக நிற்கும். கட்டிகளுக்கு இடையில் நீர் இறங்க வழி இருக்கும். கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். மண்ணின் துகளளவு காணும் ஹைட்ரோமீட்டர் சோதனையில் களியைப் பிரிக்க, ஒரு லிட்டர் நீரில் 33 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட்டும் 7 கிராம் சோடியம் கார்பனேட்டும் கரைத்துச் சேர்க்கிறோம். அந்தச் சோடியம் கார்பனேட்டும் சாயப்பட்டறையின் சோடா ஆஷும் ஒன்றுதான். ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்வது வயலில் கேட்காமலே நடந்திருக்கிறது.

ஆனால் கழிவுநீர் பாய்ந்துகொண்டிருக்கும் வரை இந்தக் கேடு வெளியே தெரியாது. நீரில் உப்புச் செறிவு அதிகமாக இருப்பதால், சோடியம் ஏறிய களியும் திரண்டே நிற்கும். முதல் நல்ல மழையில் கரைந்த உப்பு அடித்துச் செல்லப்படும். ஒட்டிய சோடியம் மட்டும் தங்கிவிடும். அப்போதுதான் களி கலைந்து துளைகளை அடைக்கும். வயலில் நாள்கணக்கில் தெளியாத செந்நிறக் குட்டைகள் நிற்கும். காய்ந்த பிறகு மேல்மண் மெல்லிய ஓடாகப் பெயரும், அடியில் மண் உலர்ந்தே கிடக்கும். பரிமாற்றச் சோடியம், அதாவது களித்துகளில் ஒட்டியிருப்பவற்றில் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர் என்பது வழக்கமான வரம்பு. அதற்குக் கீழே இருந்தாலும், மழைநீர் பட்டதும் கலையும் மண்கள் உண்டு, குறிப்பாகக் கரிசல்.

மோல்டைத் தொடும் முன்பே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மண்கட்டியைக் காய்ச்சி வடித்த நீரிலும், இன்னொன்றை அதே இடத்துக் கழிவுநீரிலும் அசைக்காமல் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கழிவுநீரில் கட்டி சரியும், ஆனால் மேலே நீர் தெளிவாகவே இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கட்டியைச் சுற்றிப் புகைபோல் கலங்கல் எழுந்து பரவினால் மண் கலையும் தன்மை கொண்டது.

மண்ணில் நீர் ஊடுருவும் திறனை அளக்கும் பெர்மியபிலிட்டி சோதனையை வரிசையாகச் செய்வதே சரி: முதலில் கழிவுநீர், பிறகு மழைநீருக்கு ஈடான நீர். அவசரம் இங்கேதான் கெடுக்கிறது. 100 மி.மீ. விட்டம், 1,000 மி.லி. கொள்ளளவு உள்ள மோல்டில் 40 விழுக்காடு துளைவெளி என்று கொள்ளுங்கள். ஊடுருவுதிறன் விநாடிக்கு 10⁻⁷ செ.மீ., நீர்ச்சரிவு (நீரழுத்த உயரத்தை மண்ணின் நீளத்தால் வகுத்தது) 10 என்றால், ஒரு நாளைக்குக் கடப்பது ஏறத்தாழ 7 மி.லி. துளைகளில் இருக்கும் நீர் ஒருமுறை மாறவே இரண்டு மாதம் ஆகும். மூன்று நாள் அளவீட்டை வைத்து "மண்ணுக்குப் பாதிப்பில்லை" என்று எழுதும் அறிக்கையில், உள்ளே விட்ட நீரின் வேதிப்பொருள் மண்ணை இன்னும் தொட்டிருக்கவே இல்லை. துளைகளின் மொத்தக் கொள்ளளவைப் போல் குறைந்தது இருமடங்கு நீராவது கடந்து, வெளிவரும் நீரின் மின்கடத்துதிறன் உள்ளே போகும் நீரின் அளவோடு 10 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்த பிறகே நிறுத்த வேண்டும். நீண்ட சோதனையில், மண்ணை ஒட்டி வைக்கும் நுண்துளைக் கல்லில் (போரஸ் ஸ்டோன்) பாசியும் வழவழப்பும் சேர்ந்து அடைக்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் "மண் இறுகிவிட்டது" என்று முடிவுகட்டக் கூடாது.

அசிட்டோன், பென்சீன் போன்ற கரைப்பான்கள் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். நீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80, அசிட்டோனுக்கு 21, பென்சீனுக்கு 2.3. இந்த மாறிலி குறைந்த கரைப்பான்கள் அடர்வாகப் போனால் களி சுருங்கி வெடிக்கும். குப்பைக்கிடங்கின் அடியில் போட்ட களித்தளம் நூறு மடங்குக்கு மேல் கசியக்கூடும். இரும்பு மோல்டில் சுருங்கிய மண் சுவரைவிட்டு விலகுவதால், ஓரக்கசிவும் அளவில் சேர்ந்துவிடும். ரப்பர் உறையிட்ட செல்லில் அழுத்தம் கொடுத்துச் சோதித்தால் இந்தக் குழப்பம் குறையும். அமிலம் பட்ட மண்ணில் முதலில் வீழ்படிவு அடைத்துக் கசிவு குறையலாம். சுண்ணாம்பு கரையக் கரையக் கசிவு கூடும்.

தோல் பதனிடும் கழிவு என்றால் எல்லோரும் குரோமியத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நஞ்சு என்ற வகையில் அந்தக் கவலை நியாயம். ஆனால் நீர் இறங்காமல் போவதற்கு முதன்மைக் காரணம், தோலைப் பாடம்செய்யப் போட்ட சாதாரண உப்பு.

சீர்செய்ய, சோடியத்தின் இடத்தில் கால்சியத்தைத் திரும்ப ஏற்றும் ஜிப்சம் போடலாம். 100 கிராம் மண்ணில் 1 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தைக் கணக்கில் கொண்ட அளவு) சோடியத்தை 15 செ.மீ. ஆழத்துக்கு அகற்ற, எக்டேருக்குத் தூய ஜிப்சம் சுமார் 1.9 டன் வேண்டும். தூய்மை 70 விழுக்காடுதான் என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் வடிகால் வெட்டுங்கள். அது இல்லாமல் ஜிப்சம் போட்டால், விடுபட்ட சோடியம் சல்பேட் அங்கேயே தங்கிக் கோடையில் மேலேறிப் பூக்கும்.