பதினாலு பேருக்கு ஒரு இடம்

ஜனவரி 12

நேற்று இரவு போனில் அப்பா சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய ஊரைப் பாத்துட்டு வரலாம்மா. பிள்ளைங்க வளர்ந்துட்டா அப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது." இடம் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அப்பா, அம்மா, அத்தை, அண்ணன் குடும்பம் நாலு பேர், நாங்கள் நாலு பேர், தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை. ஆக மொத்தம் 14. பெரியவர்கள் ஒன்பது, பிள்ளைகள் ஐந்து. மே மாதம் ஐந்து இரவுகள்.

ஜனவரி 15

முதலில் ஹோட்டல்களைப் பார்த்தேன். ஒரு அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்பதுதான் பெரும்பாலான இடங்களில் கணக்கு. கூடுதல் கட்டில் போட்டாலும் ஐந்து அறைகளுக்குக் குறையவில்லை. ஐந்தும் ஒரே மாடியில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

போனில் பேசிய ஒரு வரவேற்பாளர் பொறுமையாக ஒரு விஷயம் விளக்கினார். 'அட்ஜாயினிங்' என்றால் பக்கத்துப் பக்கத்து அறைகள், அவ்வளவுதான். 'கனெக்டிங்' என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ளேயே கதவு இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதையும் கேட்டுவிட்டு வந்தால் போதாது, உறுதி செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு நன்றி.

ஜனவரி 19

முழு வீடாகப் பார்த்தால் என்ன என்று அண்ணி கேட்டார். பார்த்தேன். முதல் பக்கத்தில் மலிவாகத் தெரிந்த வீடு, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனபோது வேறு வீடாகிவிட்டது. சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் தனித் தொகை, போதாததற்கு, சேதம் இல்லாவிட்டால் கிளம்பும்போது திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை.

அதனால் ஒரு நோட்டு போட்டேன். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் எழுதி, 14 ஆல் வகுத்து, ஐந்து இரவுகளால் வகுத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு என்ற அந்த ஒரே எண் போதும். அப்படிப் பார்த்ததும் வரிசையே மாறிவிட்டது. சுத்தம் செய்யும் கட்டணத்தைப் பொதுவாகத் தங்கலுக்கு ஒரு முறைதான் வாங்குகிறார்கள். இரண்டு இரவுக்கு அது பெரிய சுமை, ஐந்து இரவுக்குப் பரவாயில்லை.

ஜனவரி 26

'14 பேர் தங்கலாம்' என்று போட்டிருந்த ஒரு வீட்டின் படங்களை இன்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறை மூன்றுதான். மூன்று இரட்டைக் கட்டில்களில் ஆறு பேர். ஹாலில் விரித்தால் கட்டிலாகும் சோபா இரண்டு, அதில் நாலு பேர். மீதி நாலு பேருக்குத் தரையில் மெத்தை. அதாவது இரவு ஒன்பது மணிக்கு ஹால் படுக்கையறை ஆகிவிடும். தூக்கம் வராத அப்பா எங்கே உட்காருவார்? குழந்தை அழுதால் தம்பி மனைவி எங்கே தூக்கிக்கொண்டு நடப்பாள்? எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசத்தானே போகிறோம்!

அந்த வீட்டில் குளியலறை ஒன்று. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் வைத்தாலும் 14 பேருக்கு மூன்றரை மணி நேரம். மூன்று குளியலறை இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். கட்டில்களை எண்ணுவதற்கு முன்னால் குளியலறைகளை எண்ண வேண்டும் என்று நோட்டின் மேலே சிவப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3

ஒரு வீட்டுக்காரர் போனில், "எட்டு பேர்னு போட்டுடுங்க, பதினாலு பேரா வாங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்ற வரம்பு, தீ விபத்தில் எத்தனை பேர் வெளியேற முடியும் என்பதையும் பொறுத்தது. ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் விளையாட முடியாது. பாதி ராத்திரியில் வெளியே போகச் சொன்னால் அத்தையை எங்கே அழைத்துப் போவேன்?

பல பெரிய நகரங்களில் சட்டமே இறுக்கமாக இருக்கிறது. நியூயார்க்கில் வீட்டைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட 2023 செப்டம்பர் முதல் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்வது கட்டாயம். 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரரும் அங்கேயே தங்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும்போது ஒரு நேரத்தில் நாலு பேர்தான். எங்களைப் போன்ற கூட்டத்துக்கு அந்த ஊர்களில் அந்த வழி அடைபட்டது என்றே அர்த்தம். எந்த ஊருக்குப் போனாலும் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

பிப்ரவரி 9

ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீடு, மலிவு. அண்ணனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மையப் பகுதிக்கு ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தையை விட்டாலும் 13 பேர், போக வர, ஐந்து நாள்: 130 டிக்கெட். மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போய்விடும். மதியம் அத்தை கொஞ்சம் படுத்து எழலாம் என்றாலும் திரும்பி வர முடியாது. "சரி, நீ சொல்றதுதான் சரி" என்று அண்ணன் விட்டுவிட்டார்.

நகரின் நடுவிலும் வேண்டாம், விலை தாங்காது. நேர் ரயில் இருக்கும் ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில், நாலைந்து நிறுத்தம் தள்ளி இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. வரைபடத்தில் 'ஆறு நிமிட நடை' என்று போட்டிருந்த ஒரு இடத்தை, தெருவையே படமாகக் காட்டும் இணையத் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) அடி அடியாக நடந்து பார்த்தேன். வழியில் ஒரு நடைமேம்பாலம், ஒரு பக்கம் மட்டும் 32 படி. அத்தையின் முழங்காலுக்கு அது ஆகாது.

பிப்ரவரி 16

கிடைத்துவிட்டது! நாலு படுக்கையறை, மூன்று குளியலறை, லிஃப்ட், தனி ஹால். முன்பணம் கட்டியாயிற்று. கூடவே ஒரு ஹோட்டலில் ஏப்ரல் 28 வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ஐந்து அறைகளையும் பிடித்து வைத்திருக்கிறேன். அந்தத் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டாயிற்று.

ஏப்ரல் 21

காலையில் வீட்டுக்காரரிடமிருந்து இரண்டு வரி. வீட்டில் பழுது வேலையாம், முன்பதிவு ரத்தாம். பணம் திரும்பி வந்துவிடும், ஆனால் போன பிப்ரவரி விலை திரும்பி வராதே. பிள்ளைகளிடம் அந்த ஹாலின் படத்தைக் காட்டியிருந்தேன். யார் எந்த மூலையில் படுப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்கள். அதுதான் ரொம்ப வலித்தது. ஐந்து அறைகள் கையில் இருப்பதால் யாரும் தெருவில் நிற்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் மறுபடி தேட உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 24

சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்று, அதாவது ஹோட்டல் போல நாள் கணக்கில் விடும் அடுக்குமாடி வீடு. ஒரே மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம். ஒரே பெரிய வீடாகவே தேடிக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை. நேரடியாகப் போன் செய்து, ஐந்து இரவு, இரண்டு வீடு, ஞாயிறு முதல் வியாழன் வரை என்று சொல்லி விலை கேட்டேன். அது அலுவலகங்கள் நிறைந்த பகுதியாக இல்லாததால் வார நாளில்தான் அங்கே கூட்டம் குறைவு. மேலாளர் குறைத்துக் கொடுத்தார். நோட்டுக் கணக்கில் பழைய வீட்டைவிடச் சற்றுக் கூடுதல், ஹோட்டலைவிட நன்றாகவே குறைவு. மின்னஞ்சலில் உறுதி வந்த பிறகுதான் ஹோட்டல் அறைகளை விட்டேன்.

மே 18

வந்து சேர்ந்துவிட்டோம். பைகளைத் திறப்பதற்கு முன் இரண்டு வீட்டையும் மூலை மூலையாகப் படம் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது முன்வைப்புத் தொகையில் தகராறு வரக்கூடாது. இரண்டு வாசல் கதவுகளும் திறந்து கிடக்கின்றன. பிள்ளைகள் அதற்குள் இருபது தடவை இங்கும் அங்கும் ஓடிவிட்டார்கள். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் இந்தப் பக்கம், மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம்.

மே 20

இரவு பத்து மணிக்கு மேல் நடைக்கூடத்தில் சத்தம் கூடாது என்பது இங்கே விதி. பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளைகளை எதிர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் பெரியவர்கள் ஒன்பது பேரும் இந்த ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டோம். நாற்காலி இரண்டு குறைந்தது, தம்பியும் நானும் தரையில். அப்பா சின்ன வயதில் ஆற்றில் விழுந்த கதையை அத்தை சொன்னார், காலை நீட்டி அம்மா மடிமேல் போட்டுக்கொண்டு. எங்களில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. மணி இப்போது பன்னிரண்டரை. அப்பா இன்னும் தூங்கப் போகவில்லை.