எழாமல் அடம்பிடித்த எக்ஸ்பி

அப்பாவின் பழைய கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். பல வருடங்களாக அவர் குறிப்புகள் எழுதிச் சேர்த்த மென்பொருள் அதற்குப் பிந்தைய விண்டோஸ் எதிலும் திறப்பதில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், இணைய கேபிளைக் கழற்றி அந்த ஒரு வேலைக்காக மட்டும் வைத்திருந்தோம்.

பல மாதங்கள் பிளக் கழற்றிக் கிடந்த அந்தப் பெட்டியைப் போன வாரம் ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு செய்தி வந்து எஃப்1 அழுத்தச் சொன்னது. படிக்காமலே அழுத்திவிட்டேன். எக்ஸ்பி லோகோ வந்தது, நீலப் பட்டை ஓடியது, கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு நீலத் திரை, பிறகு மறுபடி முதலிலிருந்து. அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும் சேஃப் மோடிலும் இதே கதை.

முதலில் அப்பாவின் கோப்புகளை வெளியே எடுத்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஓடவிட்டு, அவருடைய ஃபோல்டர் முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. இதைச் செய்யாமல் எந்தப் பழுதுபார்க்கும் கட்டளையையும் தொடாதீர்கள். வட்டைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் கூடப் பிழை திருத்தும்போது வட்டில் எழுதும். ஏற்கெனவே தேய்ந்துபோன வட்டு அதைத் தாங்காமல் போகலாம்.

அடுத்து அந்த நீலத் திரையைப் படிக்க வேண்டும். கணினி எழும்போது எஃப்8 அழுத்தினால் வரும் மெனுவில், பிழை வந்தால் தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் நீலத் திரை அசையாமல் நின்றது. பிழை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 7பி. எந்த வட்டிலிருந்து எழ வேண்டுமோ அந்த வட்டையே விண்டோஸால் அணுக முடியவில்லை என்று அர்த்தம்.

வட்டின் தொடக்கப் பகுதிதான் கெட்டிருக்கும் என்று நினைத்து, அதைப் புதிதாக எழுதும் ஃபிக்ஸ்பூட், ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளைகளைக் கொடுக்க எக்ஸ்பி சிடியைப் போட்டேன். ரெக்கவரி கன்சோலுக்குப் போக ஆர் அழுத்தினால், இந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது! சற்று முன்புதான் அதே வட்டிலிருந்து அத்தனை கோப்புகளையும் லினக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தது. ஒன்றின் கண்ணுக்குத் தெரிவது இன்னொன்றுக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடை பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளில், இருந்தது. உள்ளே போனதும் தேதியில் 2009 என்று இருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டிருக்கிறது. மின்சாரமும் இல்லாமல் கிடந்ததில் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. நான் படிக்காமல் தாண்டிய செய்தி அதைத்தான் சொல்லியிருக்கிறது. அந்த ஆரம்ப நிலையில் சாட்டா பயன்முறை, அதாவது வட்டோடு கணினி பேசும் முறை, ஏஹெச்சிஐ என்ற புதிய வகை. அதற்கான டிரைவர் (வட்டோடு பேச உதவும் சிறு மென்பொருள்) எக்ஸ்பியிலும் கிடையாது, அதன் சிடியிலும் கிடையாது, லினக்ஸில் உண்டு. லோகோ வரைக்கும் பயாஸ் வட்டைப் படித்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரோடு வட்டைத் தேட வேண்டும். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது.

புது பேட்டரி போட்டேன், தேதியைச் சரிசெய்தேன், சாட்டாவை எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறையான ஐடிஇ என்று மாற்றிச் சேமித்தேன். எக்ஸ்பி எழுந்தது. செக்டிஸ்க் தானாக ஓடியது, அதை முடியவிட்டேன்.

ஃபிக்ஸ்பூட்டும் ஃபிக்ஸ்எம்பிஆரும் இங்கே எதையும் சரிசெய்திருக்காது. சிடிக்கு வட்டு தெரிந்திருந்தால், பழுதே இல்லாத தொடக்கப் பகுதியை நானே மாற்றி எழுதியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பெட்டியின் மூடியை மாட்டுவதற்கு முன், உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினேன்: 'சாட்டா: ஐடிஇ'. அதன் கீழே, பேட்டரி மாற்றிய தேதி.