மூக்கில் மூன்று குண்டூசி

1981 ஆம் ஆண்டு, உயர்தரக் கணிதப் பிரிவில் முதலாம் வருடம். பின் வாங்கிலிருந்து கடதாசி விமானம் விட்டது நான்தான். அது கரும்பலகை வரைக்கும் போகவில்லை. பாதி வழியில் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு வால் பக்கமாகச் சரிந்து முன் வாங்குப் பெடியன் ஒருவனின் தோளில் விழுந்தது. அடி நிச்சயம் என்று எழுந்து நின்றேன். பௌதிகவியல் சேர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து மூன்று குண்டூசிகளை எடுத்து, மூக்கு மடிப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகினார். நின்ற இடத்திலிருந்தே விட்டார். வகுப்பறையின் நீளம் முழுக்க நேராகப் போய்ப் பின்சுவரில் முட்டி விழுந்தது.

"பாரத்தைக் கூட்டியிருக்கிறன். அப்ப கெதியா விழ வேணுமெல்லோ? ஏன் விழேல்லை?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேர் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு புனலை எடுத்துவரச் சொன்னார். அகன்ற வாய் கீழே இருக்க வைத்துத் தட்டினார். ஆடிவிட்டுத் திரும்ப இருந்தது. உறுதிச் சமநிலை. நுனியில் நிறுத்தினார், விரலை எடுத்த உடனே விழுந்தது. உறுதியில்லாச் சமநிலை. படுக்க வைத்து உருட்டினார். உருண்டு போன இடத்திலேயே கிடந்தது. நொதுமற் சமநிலை. "உன்ரை விமானம் நுனியிலை நிண்ட புனல். நான் அதைத் திருப்பி வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்" என்றார்.

அந்த விளக்கத்தை இன்றைக்கும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்ல முடியும். பறக்கும் ஒன்றின் மூக்கைக் காற்று மேலே தூக்கிவிட்டால், சிறகிலும் வாலிலும் தூக்குவிசை கூடும். கூடிய அந்த விசை முழுவதும் ஒரு புள்ளியில் தாக்குவதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நொதுமற் புள்ளி என்று பெயர். விமானம் சுழல்வதோ தன் புவியீர்ப்பு மையத்தைச் சுற்றி. மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், கூடிய விசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைக் கீழே இறக்கும். விமானி கை வைக்காமலே விமானம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மையம் பின்னால் போய்விட்டால், அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். அது இன்னும் விசையைக் கூட்டும். குண்டூசிகள் செய்தது மையத்தை ஒரு விரலளவு முன்னுக்கு இழுத்ததுதான்.

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பெடியங்களுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. வாடைக் காற்று தொடங்கினால் நாங்கள் பட்டமும் கையுமாகத்தான் திரிவோம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பட்டம் குத்தினால் அண்ணை, நூல் பிணைக்கும் முச்சையைச் சற்று மாற்றிக் கட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால் அம்மாவின் பழைய சீலைக் கரையில் இன்னும் ஒரு முழம் கிழித்து வாலில் முடிவார். பட்டம் அமைதியாகிவிடும், அதில் கட்டிய விண் என்ற கூவும் நாடா ஒரே சுருதியில் கூவத் தொடங்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அண்ணையும் சொன்னதில்லை.

சின்ன வயதில் அப்பா பலாலி விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்மலானையிலிருந்து வரும் அவ்ரோ விமானத்தைக் காட்டியிருக்கிறார். முன்னால் நின்று பார்த்தால் அதன் சிறகுகள், கைகளைத் தோளுக்குச் சற்று மேலே விரித்து நிற்பவனைப் போல இருக்கும். அழகுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். சேர் சொன்ன பிறகுதான் தெரிந்தது: விமானம் ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கமாகவே வழுக்கத் தொடங்கும். அப்போது தாழ்ந்த சிறகைக் காற்று கூடிய கோணத்தில் சந்திக்கும். அதில் தூக்குவிசை கூடி, அது எழும்பிவிடும். வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பின் வேலை வேறு. கூரையில் நிற்கும் காற்றுச் சேவல் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்புவது போல, அது விமானத்தின் மூக்கை வரும் காற்றுக்கு நேராகத் திருப்பும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பின்னால் சாய்ந்த சிறகுள்ள ஜெற் விமானங்களில் ஒத்துப்போகாவிட்டால், தாறா நடப்பது போல விமானம் பக்கத்துக்குப் பக்கம் ஆடிக்கொண்டே போகும். அதை அடக்கவென்றே துடுப்பைத் தானாக அசைக்கும் கருவி வைத்திருக்கிறார்கள்.

லண்டனுக்கு வந்த புதிதில் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன வெள்ளித் தகட்டின் முன்னால் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். யோர்க்ஷயரைச் சேர்ந்த ஜோர்ஜ் கெய்லி 1799 இல் அதில் விமானம் ஒன்றைச் செதுக்கிவைத்தார். நிலையான சிறகு, பின்னால் வால், அடியில் உடம்பு. 1804 இல் அவர் செய்து பறக்கவிட்ட மாதிரியின் சிறகு என்ன தெரியுமா? சாதாரணக் கடதாசிப் பட்டம்! ஒரு தடியில் பட்டத்தைக் கட்டி, பின்னால் சிலுவை போன்ற வாலைப் பொருத்தி, முன்னால் பாரம் வைத்துச் சரிபார்த்திருக்கிறார். அண்ணையும் சேரும் செய்த இரண்டு வேலையையும் ஒரே தடியில் செய்த மனிதர்.

பிறகு நான் செய்த தொழிலும் இதுதான். ஹீத்ரோவில் 1989 முதல் விமானங்களுக்குப் பாரம் பிரிக்கும் பகுதியில் வேலை. எந்தப் பெட்டி எந்த அறைக்குள், எத்தனை பேர் எந்தப் பகுதியில், எரிபொருள் எவ்வளவு, எல்லாம் சேர்ந்து மையம் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு லோட்ஷீற்றைக் கப்டனின் கையில் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாம் பென்சிலும் அடிமட்டமும்தான். மையத்தைக் கணிக்கும் தாளான ட்றிம் ஷீற்றின் மேலே ஒரு புள்ளியில் தொடங்கி, ஒவ்வொரு அறையின் பாரத்துக்கும் கோட்டை இடமோ வலமோ நகர்த்தி நகர்த்திக் கீழே கொண்டுவருவோம். கடைசிப் புள்ளி கட்டத்துக்குள் விழ வேண்டும். பின் எல்லையைத் தாண்டினால் உறுதி போய்விடும். முன் எல்லையைத் தாண்டினால் உறுதி அளவுக்கு மிஞ்சி, ஓடுபாதையில் மூக்கைத் தூக்க வாலின் பலம் போதாது. அரைவாசி காலியான விமானத்தில், மேலெழும்பும் வரைக்கும் இடம் மாறி இருக்க வேண்டாம் என்று பணிப்பெண் சொன்னால், தயவுசெய்து கேளுங்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவர் போட்ட கோடு இருக்கிறது.

ஒரு மார்கழி இரவு, கதவு பூட்டுகிற நேரம், பாரம் ஏற்றும் மேற்பார்வையாளர் ரேடியோவில் கூப்பிட்டார். முன் அறைக்குப் போக வேண்டிய பலகையில் அடுக்கிய பாரம் ஒன்று பின் அறைக்குள்ளும், பின்னதற்குரிய இலேசான ஒன்று முன்னுக்கும் ஏறிவிட்டன. மொத்த எடையில் ஒரு கிலோ வித்தியாசமில்லை. கணக்கில் இரண்டையும் இடம் மாற்றி மறுபடி கோடு போட்டேன். பென்சில் முனை பின் எல்லைக்கு வெளியே, ஒரு நெல்மணி அகலத்தில் போய் நின்றது. கை குளிர்ந்துவிட்டது. இரண்டையும் இறக்கி ஏற்ற நாற்பது நிமிடம் பிடித்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் உள்ளே சலித்துக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கோ முழு நேரமும் கண்ணுக்குள் நின்றது வகுப்பறையில் மூக்கைத் தூக்கி நின்ற அந்தக் கடதாசிதான்.

எல்லா விமானமும் உறுதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானம் மேல்கீழ் அசைவில் உறுதியற்றது. சைக்கிள் செய்தவர்கள் அவர்கள். ஓட்டுபவன்தான் சமநிலையைப் பிடித்திருக்க வேண்டும் என்று நம்பினார்கள். அன்றைய மிக நீண்ட பறப்பு 59 செக்கன், 260 மீற்றர், அதுவும் ஏறி இறங்கி அலை அலையாக. இன்றைய போர் விமானங்களில் அந்தச் சைக்கிளோட்டியின் வேலையைக் கணினி செய்கிறது.

2004 இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். முந்திய வருடம் ஒக்டோபரில் சேவையை நிறுத்திய கொன்கோர்ட் பயணிகள் விமானத்தைப் பற்றியும் சொன்னேன். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் இரண்டு மீற்றர் அளவு பின்னுக்குப் போய்விடும், கிடை வாலும் இல்லாத விமானம், அதனால் சுமார் 20 தொன் எரிபொருளைப் பறக்கும்போதே பின்தாங்கிக்குப் பம்ப் பண்ணுவார்கள் என்றேன்.

சேர் நிமிர்ந்து இருந்தார். "கிடை வால் இல்லையோ? அப்ப உன்ரை கடதாசி விமானம்தான். குண்டூசியைப் பறக்கேக்கையே பின்னுக்கு இழுக்கினம், என்ன?"

"ஓம் சேர்."

"சரி, வேகம் குறையேக்கை?"

"திரும்ப முன்னுக்கு அனுப்ப வேணும் சேர். இல்லாட்டி மூக்குத் தூக்கும்."

அன்றைய பேப்பரை எடுத்து, ஓரத்து வெள்ளையில் ஒரு முக்கோணம் கீறினார். பேனையை என்னிடம் நீட்டி, தாங்கி எங்கே இருக்கிறது, குறித்துக் காட்டு என்றார்.